புழுக்கைக்குள்ள முள்ளு

இந்தக் கீறலைத்தானே அம்மிணி பாக்கற? பஸ் ஏறினதுலருந்து பாத்துட்டுத்தான் இருக்கற, கேக்கறதுக்குக் கூச்சம். கேளு, கேட்டா என்ன இப்போ? பூனை பெறாண்டல. எங்கூட்டுக்காரரு அடிச்சதும் இல்ல. அவரு ஈயைக்கூட ஓட்ட மாட்டாரு, தானாப் போகட்டும்னு உக்காந்திருப்பாரு. இது முள்ளு. சீமைக் கருவேல முள்ளு. அதை என்ற காட்டுல வெதைச்சது எங்க ஓரகத்தி.

முழிக்கற பாரு. முள்ளை ஆராச்சும் வெதைப்பாங்களான்னுதானே? எங்க பாவாத்தாக்கா வெதைப்பா. இரு, இந்தப் பையை மடில வெச்சுக்கறேன், அதுல எள்ளுருண்டை இருக்குது, நசுங்கிரும். ஆருக்குன்னு அப்பறம் சொல்றேன். ஒட்டன்சத்திரம் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். நான் சுருக்கமாத்தான் பேசுவேன், எங்க ஊர்ல கேட்டுப் பாரு.

காங்கயத்துக்குத் தெக்கால எங்களுது. கொறங்காடு கேள்விப்பட்டிருக்கியா? மேய்ச்சக் காடு. அதை ஏரு பூட்டி உழவே மாட்டோம். சுத்தியும் கிளுவை மரத்துல உசுரு வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கொண்ணு இங்கொண்ணு வெள்வேல மரம் நெழலுக்கு. வேலிக் கடவைத் தெறந்து மாட்டை உள்ள உட்டாப் பொழுதுக்கும் மேஞ்சுக்கும், மேய்க்க ஆள் வேண்டாம். எங்க மாமனாரு காலத்துல அது ஒரே காடு. அண்ணன் தம்பி பாகம் பிரிச்சப்ப நடுவுல ஒரு கிளுவை வேலி போட்டாங்க. அக்கட்டால மூத்தவரு பங்கு, இக்கட்டால எங்களுது. மூத்தவரு போயிச் சேந்துட்டாரு. அக்கா ஒத்தையாத்தான் பாக்கறா. அவளுக்கு ரெண்டு மாடு. எனக்கு ஒரே ஒரு மயிலைப் பசு. ஒண்ணுன்னாலும் அது மகாலட்சுமி. நான் கூப்புட்டாத்தான் திரும்பும், எங்கூட்டுக்காரரு கூப்புட்டாக் காதைக்கூட ஆட்டாது. எங்கிட்டப் பழகினதாச்சே.

அக்கா காட்டைப் பாத்தீன்னா பாய் விரிச்சாப்பல இருக்கும். அது எப்படின்னுதான் எனக்கு விளங்கறதே இல்ல. அதிர்ஷ்டம்னு வெச்சுக்க. காலைல காப்பி குடிச்சதும் குனிஞ்சுக்கிட்டே காட்டுக்குள்ள ஒரு நடை நடப்பா. என்னத்தைத் தேடறான்னு நானும் வேலிச் சந்துல எத்தனையோ நாள் பாத்திருக்கேன். தோட்டைத் தொலைச்சுட்டாளோ, சொன்னா நானும் தேடிக் குடுப்பேனேன்னு. ஒண்ணுமில்ல, வெரல் நீளத்துக்கு மொளைச்சிருக்கற செடியைப் புடுங்கிப் புடுங்கி மடில போட்டுக்குவா. வெரல் நீளச் செடி ஒருத்தரை என்ன பண்ணும்? சிலபேருக்குக் கை சும்மா இருக்காது.

சரி, கதைக்கு வர்றேன். வருசா வருசம் தெக்கயிருந்து இருளப்பன்னு ஒரு ஆட்டுக்காரரு வருவாரு. செம்மறிக் கூட்டம், வந்தா ரோடே மறைஞ்சிரும். ராத்திரிக்குப் படலைச் சுத்திக் கட்டி, ஆட்டை உள்ள அடைச்சு, காட்டுல பட்டி போடுவாரு. மக்யா நாளு படலை அவுத்து அடுத்த எடத்துல கட்டுவாரு. இப்படியே காடு பூராவும் புழுக்கை உழுந்திரும். அதுக்கு மேல ஒரு மழை பேஞ்சுதுன்னா புல்லு பாரு, இடுப்புக்கு நிக்கும். எந்த உர மூட்டையும் கிட்ட வராது.

அந்த ஆட்டுக்காரரு வருசம் தவறாம அக்கா காட்டுக்குத்தான் வருவாரு. எனக்கு வயிறு எரியாதா? எரியும்ல? நானும் மனுசிதானே. அதுலயும் அக்கா ஒரு பவுசு பண்ணுவா பாரு. ஆடு வந்ததும் நேரா கொறங்காட்டுக்குள்ள உட மாட்டா. சோளத் தட்டு அறுத்த காடு ஒண்ணு இருக்குது, உழுகிற காடு. அதுல ஒரு வாரம் போல நிறுத்தி, தட்டுத் தாளை மேய உட்டு, அப்பறந்தான் இங்க ஓட்டுவா. ஆடு அந்த ஒரு வாரமும் போடற புழுக்கையெல்லாம் அங்கயே போயிருமே! வீணு. எனக்குப் பாக்கப் பாக்க மனசு பதறும். சொன்னாக் கேக்கற ஆளா அவ?

மூணு வருசத்துக்கு முந்தி ஐப்பசில, நான் வேலிகளுக்கு நடுவுல போற இட்டேரில வெறகு பொறுக்கிட்டு இருக்கேன், ஆட்டுச் சத்தம் கேக்குது. இருளப்பன் முன்னால வர்றாரு. அக்கா அன்னிக்கு வெள்ளகோயில் சந்தைக்குப் போயிருந்தா. சாமி பாத்து எனக்குன்னு ஒதுக்கிக் குடுத்த நேரம்னு வெச்சுக்க.

"பாவாத்தா ஆத்தா வீட்டுல இருக்காகளா தாயி?"ன்னு கேட்டாரு.

"அக்கா ஊருக்குப் போயிட்டாங்களே. இந்த வருசம் பட்டி வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க. மகளுக்குப் பேறுகாலம் வேற"ன்னேன்.

நீ ஏன் அம்மிணி சிரிக்கற? சந்தையும் ஒரு ஊருதானே. மகளுக்கு அப்பறமாப் பேறுகாலம் வந்துதா இல்லியா? வந்துது. பொய்யின்னு எதையும் சொல்ல முடியாது.

மனுசன் பாவம், தாடையைச் சொறியறாரு. நான் உட்டனா? "எங்க காட்டுல போடுங்க. சோறு நான் ஆக்கிப் போடறேன், கறிக்கொழம்போட"ன்னேன். கறின்னதும் மூஞ்சில வெளிச்சம் வந்துருச்சு.

"அப்ப மொதல்ல எந்தத் தாள் காட்டுல நிப்பாட்டட்டும்?"னு கேட்டாரு.

"அதெல்லாம் எதுக்குங்க? நேரா உள்ள ஓட்டுங்க."

"இல்ல தாயி, அவுக எப்பவும் நிப்பாட்டித்தான்..."

"அவிய காட்டுக்கு அவிய. என்ற காட்டுக்கு நான். ஒரு புழுக்கை வெளிய உழுகக் கூடாது"ன்னுட்டேன்.

ஆடுகளைப் பாக்கணுமே! ஒவ்வொண்ணும் மத்தளமாட்டம் வயிறு. என்னத்தைக் குடுத்து இப்படி வளத்தறீங்கன்னு கேட்டேன். "வர்ற வழிக் கம்மாயெல்லாம் சீமைக் கருவேலந்தானே தாயி. மஞ்சக் காயா உதுந்து கெடக்கு, மிட்டாய் கணக்கா இனிக்கும். இதுக பொறுக்கித் தின்னுட்டு நகரவே மாட்டேங்குதுக"ன்னாரு. நல்லாத் தின்னட்டும், நெறையத் தின்னாத்தானே நெறையப் போடும்னு நெனச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் அக்கா சந்தைலருந்து வந்தா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கறா. படல் கட்டியாச்சு, ஆடு அடைச்சாச்சு. சண்டை போடுவான்னு புடவையைத் தூக்கிச் சொருகிட்டுத் தயாரா நிக்கறேன். அவ சண்டையே போடல. "சம்பூரணம், ஆடு வர்ற வழில என்னத்தைத் தின்னுட்டு வந்துதுன்னு கேட்டியா?"ன்னா.

"ஆட்டை நான் விருந்துக்கா கூப்புட்டிருக்கேன், என்ன சாப்புட்டீங்கன்னு விசாரிக்கறதுக்கு?"ன்னேன்.

எப்படி! திரும்பிப் போயிட்டா. அன்னிக்கு நான் தூங்கின தூக்கம் இருக்குதே, கல்யாணமான பொறவு அப்படித் தூங்கினதில்ல.

மழை பேஞ்சுது. புல்லு வந்துது, வராம இல்ல. கூடவே இதுவும் வந்துது. மொதல்ல பொடிப் பொடியா எலை, பாக்க லட்சணமாத்தான் இருந்துது. ஆனா எங்க வந்துதுன்னு கேளு. காடு பூராவும் வரல. பட்டி போட்ட எடத்துல மட்டும்! படல் கட்டின அளவு தப்பாம, வட்டம் வட்டமா. படலுக்கு வெளிய ஒத்தச் செடி இல்ல. எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு. ராத்திரில வந்து, எங்கெங்க பட்டி போட்டேன்னு பாத்து, அந்தந்த எடத்துல அளந்து வெதைச்சிருக்கறா. சரி, கையால எறைச்சிருப்பான்னு பாத்தா, ஒரு புழுக்கையை எடுத்து உடைச்சேன் அம்மிணி. உள்ள வெதை! இன்னொண்ணை உடைச்சேன், அதுக்குள்ளயும் வெதை! புழுக்கையைப் பொளந்துக்கிட்டுத்தான் அந்தச் செடியே வெளிய வருது. நெனச்சுப் பாரு, ஒரு பொம்பளை ஒவ்வொரு புழுக்கையா எடுத்து, காது கொடையற குச்சில குத்தி, உள்ள ஒரு வெதையை வெச்சு, திரும்ப மூடி வெச்சிருக்கறா. என்ன பொறுமை! அந்தப் பொறுமையை நல்ல காரியத்துல காட்டியிருந்தா எங்கியோ போயிருப்பா.

எங்கூட்டுக்காரருகிட்டக் காட்டினேன். கையில வாங்கிப் பாத்துட்டு, "ஆடு தின்ன காய்தான் இப்படி வந்திருக்கும்"னாரு. மாசத்துக்கு ஒருதரம் வாயைத் தெறக்கற மனுசன், அதையும் அண்ணிக்காகத் தெறந்தாரு. அண்ணின்னா அவருக்கு அப்படி. அதுக்கு மேல அவருகிட்ட நான் பேச்சு வெச்சுக்கல.

அக்காகிட்டயும் பேச்சை நிறுத்திட்டேன். எதுத்தாப்பல வந்தா இட்டேரில அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். அது ஒத்தையடிப் பாதை, திரும்பினா முள்ளு மூஞ்சில குத்தும். குத்தட்டும்னு நிப்பேன்.

கொடுவாளை எடுத்துட்டுப் போயித் தரையோட வெட்டினேன். மறுமழைக்கு வெட்டின எடத்துல கொத்துக் கொத்தாக் கெளம்புது. திரும்ப வெட்டினேன், இன்னும் அடர்த்தியா வந்துது. எனக்குக் கோவம் வந்துருச்சு. நெருப்பு வெச்சேன். முள்ளு சும்மா கருகினாப்பல நிக்குது, கிளுவை வேலி புடிச்சுக்கிச்சு. அக்காதான் குடத்தோட ஓடியாந்து அணைச்சா. பின்ன, அவ பக்கம் எரிஞ்சிருமே! பொடவைத் தலைப்பெல்லாம் பொசுங்கிப் போச்சு அவளுக்கு. எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்துது, ஆனா ஆரு மேல தப்புங்கறதை மறந்தரக் கூடாதுல்ல?

அப்பறம் நானும் யோசிச்சேன். அவ வெதைச்சா நானும் வெதைக்கறேன். கொளத்து மேட்டுல உழுந்து கெடந்த சீமைக் கருவேலங் காயை ரெண்டு சாக்கு பொறுக்கினேன். மத்தியானம் அவ கண்ணசந்த நேரமாப் பாத்து, வேலிக்கு மேல அள்ளி அள்ளி வீசினேன். தோளு கழண்டு போச்சு. மொளைக்கும் மொளைக்கும்னு வேலிச் சந்துல எட்டி எட்டிப் பாக்கறேன், ஒண்ணும் காணோம். என்ன பண்ணியிருக்கறா தெரியுமா? அம்புட்டுக் காயையும் பொறுக்கி, வெயில்ல காய வெச்சு, மில்லுல குடுத்து மாவா அரைச்சு மாட்டுக்குத் தீவனத்துல கலந்து வெச்சிருக்கறா. அவ மாடு ரெண்டும் பாலைக் கொட்டுது! ஒருநாள் எங்கூட்டுக்காரரு கைல ஒரு சொம்பு மோர் குடுத்து உட்டிருந்தா. நக்கல்தானே அது? குடிச்சேன். நல்லாத்தான் இருந்துது. சொம்பைக் கழுவாமத் திருப்பி அனுப்பினேன்.

கண்டக்டரு என்ன சொல்றாரு, கள்ளிமந்தயமா? இன்னும் நேரமிருக்குது.

சொல்லவே வாய் வரமாட்டேங்குது இனிமேல் இருக்கறதை. போன வருசம் முள்ளு தலைக்கு மேல ஏறிருச்சு. அடில புல்லு ஒரு தூறு இல்ல. எங்க மயிலை அதுக்குள்ள நொழைஞ்சு நொழைஞ்சு எங்கியாச்சும் ஒரு வாய் கெடைக்குமான்னு தேடும். வெலா எலும்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு. அப்பறம் ஒருநாள் முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது. குளம்புக்குள்ள முள்ளு. வெளிய தெரியல, ஒடிஞ்சு உள்ள போயிருச்சு. நான் மஞ்சப்பத்துப் போட்டேன், வேப்பெண்ணெய் ஊத்தினேன். வீங்கிப் போயி, காலைக் கீழயே ஊனல, தீவனத்தைத் தொடல. நான் கூப்புட்டாக்கூடத் திரும்பல. அழுதேன் அம்மிணி. அதுல என்ன வெக்கம், மாடு கட்டற தொண்டுப்பட்டில அதோட கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதேன்.

ஏவாரி வந்து நின்னுட்டான். நொண்டி மாடு எங்க போகும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கூட்டுக்காரரு கயித்தை அவுக்கறாரு. அந்த நேரத்துலதான் கடவைத் தள்ளிக்கிட்டு அக்கா வந்தா. நேரா மாட்டுக்கிட்டப் போயி உக்காந்தா, அந்தக் காலைத் தூக்கி மடில வெச்சுக்கிட்டா, சீல மடி பூராவும் சாணி. சீலைல குத்தியிருந்த ஊக்கைக் கழட்டிக் கிண்டினா. மாடு ஒதைக்கும்னு நான் கத்தறேன். அது ஒதைக்கவே இல்ல. சீழு வந்துது, அதோட முள்ளும் வந்துது, என்ற சுண்டு வெரல்ல பாதி இருக்கும். ஏவாரியைப் பாத்து, "மாடு குடுக்கறதுக்கில்லீங்க, போயிட்டு வாங்க"ன்னா. மாடு என்னது, சொன்னது அவ. நான் கயித்தைத் திரும்பக் கட்டினேன்.

நீ கண்ணைத் தொடைச்சுக்கறியா அம்மிணி? அப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துது.

ஆனா பாரு, மக்யா நாள் காலைல ஒரு சத்தம். எட்டிப் பாத்தா, அக்கா கடப்பாரையோட என்ற காட்டுக்குள்ள நிக்கறா. மழை பேஞ்சு மண்ணு எளகிக் கெடந்துது. ஒவ்வொரு முள்ளு மரத்தையும் சுத்தித் தோண்டி, வேரோட சாய்ச்சுத் தலைகீழாப் போடறா. அன்னிக்கு மட்டுமில்ல, அதுக்கடுத்த நாளும் வந்தா, அப்பறமும் வந்துட்டே இருந்தா. நான் ஒடனே புரிஞ்சுக்கிட்டேன். மனசு உறுத்தியிருக்குது. பின்ன, தான் வெதைச்சதைத் தானே புடுங்கறதுன்னா என்ன அர்த்தம்? வாயாலதான் ஒத்துக்க மாட்டா, அவ கொணம் அப்படி. செய்கையால ஒத்துக்கறா.

கொஞ்ச நாள் வேலிச் சந்துல பாத்துட்டு இருந்தேன். அப்பறம் ஒரு சொம்பு தண்ணி கொண்டுபோயிப் பக்கத்துல வெச்சுட்டு வந்தேன். அப்பறம் மம்முட்டியை எடுத்துட்டு நானும் போனேன். அவ ஒரு பக்கம் தோண்டறா, நான் ஒரு பக்கம் தோண்டறேன். "வேரோட வரணும் சம்பூரணம். மேல மேல வெட்டினா அதுக்குக் கொண்டாட்டம்"னா. ரெண்டு வருசத்துக்கு அப்பறம் பேசின மொதப் பேச்சு. நான் "சரிக்கா"ன்னேன். மம்முட்டியை இன்னும் ஆழமாப் போட்டேன்.

இந்தக் கீறலெல்லாம் அப்பப் பட்டது. அவளுக்குக் கை ரெண்டும் வீங்கிப் போச்சு, உள்ளங்கைல தோலே இல்ல. இப்ப என்ற காட்டைப் பாரு, சுத்தம். புல்லு ஒண்ணொண்ணாத் தல காட்டுது. மயிலை நல்லா நடக்குது, சினையும் புடிச்சிருக்குது.

நான் அவளை மன்னிச்சுட்டேன் அம்மிணி. மனசார. வெதைச்சதைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டாச் சங்கடப்படுவா.

மன்னிச்சாப் போதுமா? நாமளும் பதிலுக்கு ஒண்ணு செய்யணும்ல? அதுக்குத்தான் இந்தப் பயணம். அந்த ஐப்பசிக்கு அப்பறம் இருளப்பன் எங்க பக்கமே வர்றதில்ல. அக்காகிட்ட மூஞ்சியைக் காட்ட வெக்கமாம். அதனால அக்கா காட்டுல பட்டி போட்டு எத்தனை காலமாச்சு! அவ புல்லும் முன்னயாட்டம் இல்ல, கொஞ்சம் சோந்துதான் போச்சு. அது என்னாலதானே? அதை மட்டும் நான் ஒத்துக்குவேன். மத்தவங்க மாதிரி மறைக்க மாட்டேன்.

இப்ப அவ மகளுக்கு நெசமாவே ரெண்டாவது பேறுகாலம். கரூருக்குப் போயிருக்கறா, மாசம் ஆகும் திரும்பி வர. போறப்ப என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, "காட்டைப் பாத்துக்க சம்பூரணம், உன்னை நம்பித்தான் போறேன்"னா. அவ கை இன்னும் சொரசொரன்னு இருந்துது. அப்பவே முடிவு பண்ணிட்டேன். அவ திரும்பி வர்றப்பக் காடு பூராவும், வேலிக்கு வேலி, ஒரு சாண் எடம் விடாமப் பட்டி போட்டு வெச்சிருக்கணும். வந்து பாத்து அசந்து போகணும். எங்கூட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லல, ஏதாச்சும் சொல்லிக் கெடுத்துருவாரு. இருளப்பன் ஒட்டன்சத்திரத்துக்குக் கிட்ட ஒரு கொளத்துல ஆட்டோட இருக்கறாராம். எள்ளுருண்டை அவருக்குத்தான்.

தாள் காட்டுல நிறுத்தற வெட்டி வேலையெல்லாம் இந்தத் தடவை கெடையாது. எனக்குன்னா ஒரு மாதிரி, அவளுக்குன்னா ஒரு மாதிரியா? அவளுக்கும் ஒரு புழுக்கை வீணாப் போகக் கூடாது. நேரா அவ கொறங்காட்டுக்குள்ளதான்.

அதா, அந்தக் கொளந்தான்! சன்னலைத் தெற, தெற. பாரு, ஆடு! முள்ளு மரத்தடில பூராவும் எங்க இருளப்பன் ஆடுதான். தலையைத் தூக்குதா பாரு, மஞ்சக் காயாப் பொறுக்கிட்டு. கண்டக்டரு தம்பி, நிறுத்துங்க, எறங்கணும்!

என்ன அம்மிணி, கையைப் புடிக்கற? என்னத்தைக் கேக்கற, சத்தமாக் கேளு. ஆடு என்னத்தைத் தின்னுட்டு இருக்குதுன்னு பாத்தீங்களான்னா?

அட, நீயும் எங்கக்காளாட்டமே கேக்கற! உடு கையை, பஸ் நிக்காது. இந்தா, நீயும் ஒரு எள்ளுருண்டை வெச்சுக்க. வயித்தைப் பாத்தியா ஒவ்வொண்ணுக்கும்? எங்கக்கா குடுத்து வெச்சவ.